சந்தனம் காய்ந்த இடம்

அத்தியாயம் 11

உப்பு ஜாடிக்கு அடியில் பில் இருந்தது.

கார்த்திகா எழுந்திருப்பதற்கு முன்பே அப்பா வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தார். நேரில் கொடுத்தால் மகள் கேள்வி கேட்பாள், ஜாடி கேட்காது.

போன புதன்கிழமை, வேலைக்கு நடுவில் லேப்டாப் அடுப்புக்கல் மாதிரி கொதித்து அணைந்தது. திங்கட்கிழமைக்குள் லாகின் ஆகாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று டீம் லீடர் சொல்லிவிட்டான். "நான் பாத்துக்குறேன்" என்று அப்பா அதைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இன்று சனிக்கிழமை. லேப்டாப் வரவில்லை, பில் வந்திருக்கிறது.

"இன்னாம்மா இது?"

"பில்லு," என்றாள் பஞ்சவர்ணம், டிபன் டப்பாவை மூடிக்கொண்டே. அவள் வேலை பார்க்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியின் வேன் தெருமுனைக்கு வரும் நேரம்.

"பில்லுன்னு தெரியுது. பதினோராயிரத்து எண்ணூறு போட்டுக்கீறான். இன்னும் கொஞ்சம் போட்டா வேற மிஷினே வாங்கிடலாம். அப்பா இன்னா சொன்னாரு?"

"சரின்னுட்டாரு. மாசாமாசம் சம்பளத்துல கழிச்சிக்குவாங்களாம்."

"கம்ப்யூட்டர் கடைக்காரன் எப்டிம்மா அப்பா சம்பளத்துல கழிப்பான்?"

பஞ்சவர்ணம் வாசலில் குனிந்தாள். செருப்பைத் தேடினாள். செருப்பு காலில்தான் இருந்தது.

"கடையும் ஆவடியில. இங்க நம்ம ஓ.டி.யில தடுக்கி வுழுந்தா கம்ப்யூட்டர் கடை. ஆவடிக்கு எதுக்கு தூக்கிகினு போனாரு?"

"திங்கக்கெழம காலைல அவரே வாங்கியாந்துடுவாரு. நீ போவாத."

"ஏன் போவக்கூடாது?"

"சொன்னா கேளேன்டி. நீ போனா சண்ட வலிப்ப."

அதுவும் உண்மைதான். வேன் ஹாரன் அடித்தது. அம்மா போய்விட்டாள். வீடு வழக்கம்போல வாயை மூடிக்கொண்டது.

அந்த வீட்டில் பேச்சு செத்துக் கொஞ்ச காலம் ஆகிறது. கார்த்திகாவுக்கு அமெரிக்க ஆஸ்பத்திரி பில் பார்க்கும் வேலை. ஒரே வைத்தியத்துக்கு இரண்டு முறை காசு போட்டிருக்கிறார்களா, செய்யாததைச் செய்ததாக எழுதியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். சாயங்காலம் ஹெட்செட்டை மாட்டினால், வீடெல்லாம் தூங்கிய பிறகுதான் கழற்றுவாள். கூடப் படித்தவர்களில் பாதிப்பேர் கல்யாணமாகிப் போனார்கள். மீதிப்பேர் மெசேஜுக்குப் பதிலாக ஒரு பொம்மைப் படம் அனுப்புவதோடு சரி. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் அவளைக் கையைக் காட்டிப் பேசுவார்கள். என்ன படித்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

அப்பா ஒருத்தர்தான் கேட்பார். கம்பெனியிலிருந்து வந்து கிரீஸ் கையைக் கழுவிக்கொண்டே, "இன்னிக்கி எத்தினி பில்லுமா புடிச்ச?" என்பார். திருடனைப் பிடிக்கிற போலீஸ்காரியைப் பெற்றவர் மாதிரி ஒரு பெருமை. ஆடி மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வியும் நின்றுபோனது. ஏன் நின்றது என்று அவளும் கேட்கவில்லை.

கைப்பையை எடுக்கக் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். பச்சைப் பெயின்ட் உரிந்த இரும்புப் பெட்டி கையில் இடித்தது. அப்பாவின் டூல் பாக்ஸ். அது தொழிற்பேட்டைக் கம்பெனியில், லேத் மிஷினுக்குப் பக்கத்தில், பூட்டுப்போட்டு இருக்கவேண்டிய சாமான். சின்ன வயதில் ஆயுத பூஜைக்குப் போகும்போதெல்லாம் அங்கேதான் பார்த்திருக்கிறாள். எதையாவது ரிப்பேர் செய்ய எடுத்து வந்திருப்பார் என்று நினைத்தாள். திறந்து, இருப்பதிலேயே பொடியான ஸ்க்ரூ டிரைவரைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆவடி ரயிலில் ஜன்னலோரம் நின்றபடியே, அவள் லேப்டாப்பை எப்படித் திறப்பது என்று போனில் வீடியோ பார்த்தாள். அண்ணனூர் தாண்டும்போது இரண்டாவது முறை பார்த்து முடித்திருந்தாள்.

சேக்காடு போகும் ரோட்டில் மூன்று மாடிக் காம்ப்ளெக்ஸ். கீழே மருந்துக்கடை, முதல் மாடியில் கம்ப்யூட்டர் கடை, அதற்கு மேலே டியூஷன் சென்டர். கேட்டருகே காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிய, யாரோ மோட்டாரை அணைக்க மேலே ஓடும் சத்தம் கேட்டது.

கடைக்காரன் பெயர் ஸ்ரீகாந்த் என்று பில்லிலேயே இருந்தது. இஸ்திரி கலையாத சட்டை, காதில் ப்ளூடூத்.

"சொல்லுங்க சிஸ்டர்."

அவள் பில்லை மேஜையில் விரித்தாள். வெளியில் பேசும் தமிழைக் கவனமாக எடுத்து மாட்டிக்கொண்டாள். "இது என்னோட லேப்டாப். இந்த பில் எனக்குப் புரியல."

"போர்டு போயிடுச்சு சிஸ்டர். புது மதர்போர்டு போட்டிருக்கோம். ஃபேன் புதுசு. ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் ஏத்தியிருக்கோம். அப்புறம் டேட்டா பேக்கப், சர்வீஸ் சார்ஜ்..."

"கழட்டுன பழைய போர்டக் குடுங்க."

"எது?"

"பழசு. அது என் சாமான்தானே?"

"அதெல்லாம் ஸ்க்ராப்ல போயிடும் சிஸ்டர்."

"புதன்கிழம குடுத்தது, அதுக்குள்ள போயிடுச்சா? எங்க தெருவுல குப்பை வண்டிகூட இவ்ளோ வேகமா வராதே."

பிரின்டரை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஸ்ரீகாந்த் சிரித்தான். "என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்."

"அப்ப ஹார்டுவேர் தெரியாதுல்ல?"

"பில்லு தெரியும்," என்றாள் கார்த்திகா. "ஆன் பண்ணுங்க."

ஆன் செய்தான். அவள் போட்டுவைத்த மஞ்சள் பூப்படம் அப்படியே வந்து நின்றது. பழைய பாஸ்வேர்டுக்கே திறந்தது. பாதியில் விட்ட வேலைகூட அதே வரிசையில் இருந்தது.

"ஃபார்மேட் பண்ணா இதெல்லாம் எப்படிங்க இருக்கும்?"

"அது... பேக்கப்லேந்து திருப்பிப் போட்டிருக்கோம்."

"பாஸ்வேர்டு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஸ்ரீகாந்தின் சிரிப்பு கழன்றது. "இங்க பாருங்க, எல்லாம் கேட்டுட்டுதான் பண்ணோம். ஒண்ணொண்ணுக்கும் சரின்னு சொன்னாரு."

"எங்கப்பாவா?"

"எந்த அப்பா? நம்ம காம்ப்ளெக்ஸ் வாட்ச்மேன்தான் கொண்டாந்து குடுத்தாரு. தெரிஞ்ச எடத்துப் பொண்ணு, படிச்ச பொண்ணு, நல்லபடியா செஞ்சு குடுங்க சார்னாரு. காசு இல்லன்னாரு. அவரு மூஞ்சிக்காக, சரி பில்டிங் ஓனர்கிட்ட சொல்லி அவரு சம்பளத்துலயே கழிச்சிக்கலாம்னு விட்டிருக்கேன். நல்லது செஞ்சா இதான்."

ஓஹோ, என்று நினைத்தாள் கார்த்திகா. அப்பா எவனோ ஒரு வாட்ச்மேன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார். நேரில் வந்து நாலு கேள்வி கேட்கத் துப்பில்லை. யாரோ ஒரு கிழவன் சம்பளத்தை இதில் மாட்டிவிட்டிருக்கிறார். அப்பா மேல் வந்த கோபம் கைக்கு இறங்கி, கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தது.

"என்ன பண்றீங்க?"

"தொறக்கப் போறேன்."

"தொறந்தா வாரன்ட்டி போயிடும்!"

"உன் வாரன்ட்டிய நீயே வச்சிக்கோ." மாட்டியிருந்த தமிழ் கழன்று விழுந்துவிட்டது. அதை எடுக்க அவள் குனியவில்லை. "புது போர்டு உள்ள கீதுன்னா இப்பவே காசு குடுக்குறேன். இல்லன்னா இன்னா பண்லாம் நீயே சொல்லு."

"தொறக்கட்டுமே சார்," என்றார் பிரின்டர் பெரியவர். "அந்தப் பொண்ணு சாமான்தானே? எனக்கும் பாக்கணும். எனக்கும் போர்டு போயிடுச்சுன்னுதான் சொன்னீங்க."

அதற்கு மேல் ஸ்ரீகாந்தால் தடுக்க முடியவில்லை.

லேப்டாப்பைக் கவிழ்த்துப்போட்டாள். மூலையில் ஒரு திருகு அடம்பிடித்தது. அடிமூடியைக் கிளப்பி எடுத்ததும் எல்லாருடைய தலையும் மேஜைக்கு மேலே கவிழ்ந்தது.

மூடியின் உள்பக்கம், காற்று போகும் சந்துகளை அடைத்துக்கொண்டு, மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம். சந்து வழியாகப் பிதுங்கி உள்ளே இறங்கிய மூன்று பட்டை. அதற்கு நடுவில் வைத்த குங்குமம் உதிர்ந்து, கீழே பச்சைப் பலகை முழுக்கத் தூவி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டியிருந்தது. ஃபேனின் இறக்கைகளில்கூடச் சிவப்பு.

ஆயுத பூஜையன்று காலையில் அப்பா அவளை எழுப்பாமல் லேப்டாப்பை எடுத்துச் சாமிக்கு முன்னால் வைத்திருந்தார். மேல்மூடியில் ஒரு பொட்டு இருந்தது, "இது இன்னா லாரியா?" என்று சிடுசிடுத்துத் துடைத்தாள். அடியில் பட்டை போட்டிருப்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? லேத்துக்குப் போடுகிற கை. லேத் தாங்கும். நூறு வருஷத்துச் சந்தனத்தையும் தாங்கும்.

மூச்சு அடைத்துத்தான் இது கொதித்திருக்கிறது. வெளியிலிருந்து காற்றை ஊதி ஓடவைத்துவிட்டு, இவன் பில் எழுதியிருக்கிறான்.

"இதா உங்க புது போர்டு?"

ஸ்ரீகாந்த் காதிலிருந்த ப்ளூடூத்தைக் கழற்றினான்.

"புது போர்டுக்கு எப்ப சார் ஆயுத பூஜை போட்டீங்க? எங்கள கூப்பிடவே இல்லியே. பொரி எங்க?"

பிரின்டர் பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலில் நின்ற இரண்டு டியூஷன் பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் ஸ்ரீகாந்தைச் சுட்டது. கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"யோவ் வாட்ச்மேன்! இங்க வாய்யா! இன்னா ஆளக் கொண்டாந்து வுட்டுக்கீற நீ?"

மாடிப்படியில் ஓட்டமும் நடையுமாக வந்த செருப்புச் சத்தம் கார்த்திகாவுக்குத் தெரிந்த சத்தம். இடது காலை லேசாக இழுக்கும் சத்தம். அவள் நிமிர்வதற்குள் ஆள் உள்ளே வந்துவிட்டார்.

பழுப்பு நிற யூனிபார்ம். தோளில் விசில் கயிறு. மோட்டார் தண்ணீரில் நனைந்த பேன்ட். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உத்தமன் நின்றார்.

அவர் முதலில் மகளைப் பார்க்கவில்லை. மேஜையில் வயிறு பிளந்து கிடந்த லேப்டாப்பைத்தான் பார்த்தார். சந்தனத்தைப் பார்த்தார். சிவந்த ஃபேனைப் பார்த்தார். இருபது வருஷத்துக்கு மேல் மிஷினோடு வாழ்ந்த மனுஷனுக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. முகம் மெல்லச் சாம்பலாகியது.

பிறகு மகளைப் பார்த்தார்.

"தெரிஞ்ச பொண்ணுன்ன?" என்றான் ஸ்ரீகாந்த். "கடைல வந்து மானத்த வாங்குது. அனுப்பு மொதல்ல."

உத்தமன் மகளை நோக்கி ஒரு எட்டு வைத்தார்.

"மேடம்," என்றார். "கொஞ்சம்... சத்தம் போடாதீங்க மேடம்."

கார்த்திகாவுக்கு அப்பா என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் போதும், இந்தக் கடை இரண்டாகும். ஆனால் தொப்பியைப் பிடித்திருந்த விரல்கள் அவளைக் கும்பிடாத குறையாகக் கெஞ்சிக்கொண்டிருந்தன. வேண்டாம் என்றன. இங்கே வேண்டாம் என்றன.

ஒரு கட்டடத்தையே அதிரவைக்கக் கிளம்பி வந்தவள், சொந்த அப்பாவைப் பார்த்து, யாரோ ஒரு வாட்ச்மேனிடம் சொல்வதுபோல, "சரிங்க," என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுருக்கமாக முடிந்தது. ஸ்ரீகாந்த் பில்லைக் கிழித்தான். க்ளீனிங்குக்கு முந்நூறு என்றான். அவள் போனிலேயே அனுப்பினாள், மூடியை வைத்துத் திருகினாள். பிரின்டர் பெரியவர், "சபாஷ்மா," என்று எழுந்து, தன் பிரின்டரையும் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஜெயித்தது அவளுக்குக் கசந்தது.

"பில்டிங் ஓனர்கிட்ட பேசிட்டு உனக்கு போன் பண்றேன்," என்று ஸ்ரீகாந்த் உத்தமனிடம் சொன்னான். உத்தமன், "சரிங்க சார்," என்றார்.

கேட்டுவரைக்கும் அவர் பின்னால் வந்தார். அவள் திரும்பப்போனாள்.

"மேல பாக்காத. கேமரா கீது." உதடு அசையாமல் சொன்னார். "கடைலேந்து சார் பாத்துகினு இருப்பாரு."

அவள் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "கம்பெனி?"

"ஆடியோட மூடிட்டாங்கம்மா. மிஷின எல்லாம் லாரில ஏத்திட்டாங்க."

"ஏன் சொல்லல?"

"சொல்லலாம்னுதான் ரெண்டு மூணு வாட்டி ரூமண்ட வந்தேன். நீ காதுல அத்த மாட்டிகினு வெள்ளக்காரன் பில்லையே பாத்துகினு இருந்த."

ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று போனது. கேட்டைத் திறக்கிற சாக்கில் உத்தமன் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"முன்னாடி வச்சா கண்ணாடி கெட்டுடும்னுதான் பின்னால வச்சேன். அதுலதான் மூச்சு வுடும்னு எனுக்குத் தெரியல. மூணாம் நாள் கொதிக்குதுன்னியே, அப்பவே சந்தேகம். அதான் அவன் கேட்டதுக்கெல்லாம் சரின்னேன். என் தப்புக்கு நானே கட்டிட்டுப் போறேன்னு..." நிறுத்தினார். "வருஷா வருஷம் போட்ட கைமா. இந்த வருஷம் பூசை போட எனுக்கு வேற மிஷின் இல்ல."

அவளுக்குக் கண் எரிந்தது. கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"அம்மாக்கு தெரியுமா?"

தாழ்ப்பாள் நின்றது. எங்கோ பார்த்துக்கொண்டு, ரொம்ப நாளாகக் கேட்காத அந்தக் குரலில், "புடிச்சிட்டியேம்மா பில்ல," என்றார்.

உடனே குரலை உயர்த்தினார். "ஆட்டோ எதுனா புடிக்கட்டுங்களா மேடம்?"

"வேணாங்க," என்று அவள் நடந்தாள். ஸ்டேஷன்வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டாள்.

மதியம் முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்து சந்தனத்தைச் சுரண்டினாள். பழைய பல்துலக்கும் பிரஷால் குங்குமத்தைத் தட்டினாள். இவ்வளவு நாள் கொதித்துக் காய்ந்த பிறகும் சந்தனத்தில் வாசனை இருந்தது. கேள்விதான் போகவில்லை. அம்மா காலையில் காலில் போட்ட செருப்பைத் தேடினாளே, அது ஏன்?

சாயங்காலம் பஞ்சவர்ணம் வந்தாள். மேஜையில் லேப்டாப் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "போய்ட்டியா நீ?" என்று மட்டும் கேட்டாள். அந்த "போய்ட்டியா"வுக்குள் என்ன இருந்தது என்று கார்த்திகாவால் படிக்க முடியவில்லை. பில்லாக இருந்தால் படித்திருப்பாள்.

கம்பெனி விடுகிற நேரத்துக்குச் சரியாக உத்தமன் வந்தார். கம்பெனியின் நீலச் சட்டை. கிரீஸ் இல்லாத கையைக் கிணற்றடிக் குழாயில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

கார்த்திகா ஹெட்செட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் வைக்க மனம் வரவில்லை. திறந்திருந்த கதவில் யாரோ தட்டினார்கள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் யார் கதவையும் தட்டியதில்லை.

"உள்ள வரலாங்களா?" என்றார் உத்தமன்.

அந்த "ங்க" அவளை அறைந்தது. "அப்பா..." என்று எழுந்தாள். காலையில் நாக்கு நுனியில் நின்ற சொல் இப்போதுதான் வெளியே வந்தது.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பெயரைப் பார்த்தார். அவரை அறியாமலே குதிகால்கள் ஒன்றாகச் சேர்ந்தன, முதுகு நிமிர்ந்தது.

"சார்... சொல்லுங்க சார்." போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அடுப்படியிலிருந்து பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது. "யாருடி போன்ல?"

கார்த்திகா ஹெட்செட்டைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜையில் வைத்தாள்.

"கம்பெனி சூப்பர்வைசரும்மா," என்றாள்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. நம்பியவள் கேட்காமல் இருப்பதும் உண்டு. தெரிந்தவள் கேட்காமல் இருப்பதும் உண்டு.

அந்த அமைதியில், வாசலிலிருந்து அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நாளையிலேந்தா சார்?"